வேலிக்கு வெளியே நின்று கேட்டேன், மருமகளுக்குப் படிக்க வழி கிடைத்தது

அம்மனை நம்பிப் பிழைக்கும் உங்கள் எல்லாருக்கும் என் கும்பிடு.

மகனைக் காப்பாற்றிக் கொடு என்று கேட்டேன். கிடைக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை மறைத்துவிட்டுக் கிடைத்ததை மட்டும் எழுதினால் அது பாதி உண்மைதான். எனக்கு எழுத்துப் பழக்கம் குறைவு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்ததும் செம்பனைத் தோட்டத்துக்கு வந்தவன். தோட்டத்தில் பாதியை வீடு கட்ட விற்ற பிறகு ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, காவல்காரன் வேலை, பார்க்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரே மகன், சரவணன். கூலிமில் ஒரு கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எங்கள் ஊர் சுங்கை லாலாங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில்தான் போவான், வருவான். போன வருஷம் பங்குனியில் ஒரு மழை நாள். வேலை முடிந்து வரும்போது மோட்டார் சறுக்கிவிட்டது. தலையில் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அம்மனிடம் என்னென்னவோ வேண்டினேன். மொட்டை போடுகிறேன், தீ மிதிக்கிறேன், என் ஆயுசை எடுத்துக்கொள் என்றேன். என் மனைவி லெட்சுமி மஞ்சள் துணியில் காசு முடிந்து முந்தானையில் கட்டிக்கொண்டாள். மகன் கண் திறக்கவே இல்லை.

அந்தக் காசை லெட்சுமி இன்னும் அவிழ்க்கவில்லை. சாமி அலமாரியில் ஒரு மூலையில் அப்படியே இருக்கிறது. நானும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

காரியம் முடிந்த பிறகு வீடு பேச்சில்லாமல் போனது. மருமகள் தாரணி, பேத்தி யாழினி, நாங்கள் இரண்டு பேர். லெட்சுமி சமைப்பாள், துணி துவைப்பாள், வாய் மட்டும் திறக்கமாட்டாள். ஒரு காரியத்தை மட்டும் அவள் விடவில்லை. மகனுடைய கைப்பேசியைத் தினமும் சார்ஜ் போட்டு அவன் படத்துக்குக் கீழே வைப்பாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நானோ, அம்மனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டேன். எங்கள் வழக்கத்தில் சாவு விழுந்த வீட்டார் வருஷம் திரும்பும்வரை கோயில் படி ஏறக்கூடாது. டவுனில் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் பார்ப்பவர்கள். உண்மையைச் சொன்னால் அந்த வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது. போகக்கூடாது என்பதால் போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

தாரணி ஜித்ராவில் டிப்ளோமா முடித்தவள். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள். சரவணனுடைய மேலதிகாரி கேதத்துக்கு வந்தபோது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். புது வருஷத்தில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்களாம். சரவணன் எழுத இருந்த அந்த க்ளவுட் சான்றிதழ் தேர்வை அவள் எழுதிப் பாஸ் செய்தால் தன்னால் பேச முடியும் என்றார். சான்றிதழ் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

இன்னொரு பக்கம், ஜொகூரில் இருக்கும் அவளுடைய அண்ணன் சிங்கப்பூரில் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். தங்க இடமும் உண்டு, ஆனால் பிள்ளையோடு தங்க முடியாது. "யாழினிய உங்க கிட்ட விட்டுட்டுப் போறேன் மாமா. மாசத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறேன்" என்று தாரணி சொன்னாள். சொல்லும்போது பிள்ளை அவள் கைலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்பனைத் தேடி வாசலையே பார்க்கிற பிள்ளை அது. அம்மாவையும் தேட வைத்தால் என்ன ஆகும்? எங்களுக்கு அந்தத் தேர்வு ஒன்றுதான் வழி என்று ஆனது.

சரவணனிடம் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கினான். கொஞ்சம் படிப்பான், வேலை மாறும், விட்டுவிடுவான், மறுபடி எடுப்பான். ஓரத்திலெல்லாம் பென்சில் கோடு. ஒரு பக்கத்தில் டீ சிந்திய கறை. தாரணி அந்தப் புத்தகத்தைத்தான் கையில் எடுத்தாள். வேறு எதைப் படிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியாது. இணையத்தில் தேடினால் ஆயிரம் வருகிறது, எது நல்லது எது ஏமாற்று என்று யாரைக் கேட்பது? டெலிகிராமில் ஒரு குழுவில் தேர்வில் வரும் அசல் கேள்விகள் என்று ஒரு கட்டு கொடுத்தார்கள். அதையும் மனப்பாடம் செய்தாள். ஆனால் மனசு முழுக்க அந்தப் புத்தகத்தில்தான். அவன் கோடு போட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டே படிப்பாள்.

ஆவணியில் பினாங்குக்குப் போய்த் தேர்வு எழுதினாள். நான் கூடப் போய்க் கீழே உட்கார்ந்திருந்தேன். மின்தூக்கி திறந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

ரயிலில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "பாதிக் கேள்வியில வந்த பேருங்களே நான் கேள்விப்பட்டது இல்ல மாமா. அவரு எவ்ளோ நல்லா படிச்சு வச்சிருக்காரு. நான்தான் மக்கு."

"இன்னொரு தடவ எழுதலாம்லா" என்றேன்.

"எத வச்சு எழுதறது? இதையே திரும்பப் படிச்சா திரும்ப இதே கதிதான்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்து, வருஷக் கடைசியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். லெட்சுமி அடுப்படியில் நின்று அதைக் கேட்டாள். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது. அதையே சாப்பிட்டோம்.

பிறகு புரட்டாசி வந்தது. சரஸ்வதி பூஜை அன்று எங்கள் மாரியம்மன் கோயிலில் பிள்ளைகள் எல்லாம் புத்தகத்தைக் கொண்டுவந்து அம்மன் காலடியில் வைப்பார்கள். காலையில் தாரணி சரவணனின் புத்தகத்தைத் துடைத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நினைவு வந்தது போல் நிறுத்தினாள். நாம் கோயிலுக்குப் போகக்கூடாதே. அந்தப் பையை மேசை மேலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, சாயங்காலம் அந்தப் பையை மோட்டாரில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உள்ளே போகும் எண்ணம் இல்லை. கோயில் வேலிக்கு வெளியே, காடிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு புளியமரம் உண்டு. செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் கீழே நின்றேன். அங்கிருந்து பார்த்தால் அம்மன் தெரியாது. தீபத்தின் வெளிச்சம் மட்டும் ஆட்களின் தோள்களுக்கு நடுவே தெரியும். பிள்ளைகள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள். சரவணனும் அப்படி ஓடியவன்தான். கணக்குப் புத்தகத்தை மட்டும் மறக்காமல் வைப்பான், அதில்தான் அவனுக்குப் பயம்.

மணி அடித்தது. அத்தனை மாதத்துக்குப் பிறகு அம்மனிடம் வாய் திறந்தேன். ஸ்தோத்திரம் எதுவும் வரவில்லை. "ஒன் கிட்ட மவன கேட்டேன். நீ குடுக்கல. ஏன்னு கேக்க மாட்டேன், கேட்டாலும் நீ சொல்லப் போறது இல்ல. இந்தப் புள்ளைக்குப் படிக்கறதுக்கு ஒரு வழியாவது காட்டு. தாயையும் புள்ளையையும் பிரிச்சிடாத." அவ்வளவுதான் கேட்டேன். அழுகை வந்துவிட்டது. ஆம்பிளை ரோட்டில் நின்று அழுகிறானே என்று யாராவது பார்த்திருக்கக்கூடும்.

"அண்ணே, இது உங்கட மோட்டாரோ? கொஞ்சம் தள்ளி வைக்கிறீங்களா? என்ர காடியை எடுக்கேலாமல் கிடக்கு."

திரும்பினேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை. அவரும் செருப்போடுதான் நின்றார். பேச்சிலேயே யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு மோட்டாரைத் தள்ளினேன். கண்ணைத் துடைத்த அவசரத்தில் பை நழுவிக் கீழே விழுந்தது. அவர்தான் குனிந்து எடுத்தார்.

"உள்ளுக்குப் போகேல்லையோ?" என்றார்.

"கேதம்மா. மகன் போயிட்டான். வருஷம் திரும்பல."

"எங்கட அம்மா தவறிப்போனா. முப்பத்தோராம் நாள் கிரியை இன்னும் வரேல்ல. அம்மா ஒவ்வொரு வருஷமும் இஞ்ச வருவா. அதுதான் வெளியில நிண்டு கும்பிட்டிட்டுப் போவம் எண்டு வந்தன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பையைத் திருப்பிக் கொடுக்கும்போது புத்தகத்தின் அட்டை அவர் கண்ணில் பட்டது.

"இது ஆர் அண்ணே படிக்கிறது?"

சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகன், மருமகள், பேத்தி, சிங்கப்பூர், தேர்வில் தோற்றது எல்லாம். அவர் பெயர் சுகந்தி. பினாங்கில் வேலை. என்ன வேலை என்று நான் கேட்காமலே, "என்ர வேலையே இதுதான் அண்ணே" என்றார். கோயில் வெளிச்சத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். உள்ளே இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அண்ணே, குறை நினையாதேங்கோ. இது பழைய சோதினைக்கு எழுதின புத்தகம். அந்தச் சோதினையை இப்ப நிப்பாட்டிப் போட்டாங்கள். பேர் அதேதான், பின்னால வாற நம்பர் மட்டும் மாறியிருக்கும். உங்கட மருமகள் எழுதினது புதுசு. அந்தப் பிள்ளை மக்கில்லை. இதைப் படிச்சிட்டுப் போனால் ஆரும் பெயிலாகத்தான் வேணும்."

டெலிகிராம் கேள்விக் கட்டைப் பற்றிச் சொன்னதும் முகம் சுளித்தார். "அதைத் தொடவே வேண்டாம். பாதி விடை பிழை. பிடிபட்டால் சான்றிதழையே பறிச்சுப் போடுவாங்கள்." பிறகு மருமகளின் எண்ணை வாங்கிக்கொண்டார். உள்ளே தீபாராதனை முடிந்து ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். அவர் காடியில் ஏறிப் போய்விட்டார்.

சந்தோஷமாகத்தானே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்? மோட்டார் ஓட்டவே முடியவில்லை. தாரணியிடம் இதை எப்படிச் சொல்வது? அவளுக்கு அது வெறும் புத்தகமா?

சொன்னேன். அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அப்போ அவரு படிச்சதெல்லாம் வீணா மாமா?"

நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன். அடுப்படியிலிருந்து லெட்சுமி வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"வீணு இல்லம்மா. நம்ம எஸ்டேட் பழைய ரோட்ட அடைச்சுட்டு தாமான் வீடுங்களுக்குப் புது ரோடு போடல? பழைய ரோட்டுல நடந்தவங்க எல்லாம் தப்பாவா நடந்தாங்க? அவன் நடந்தப்ப அதுதான் ரோடு. நீ புது ரோட்டுல போ."

பங்குனிக்குப் பிறகு அவள் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். நான் வெளியே போய் மோட்டாரைத் துடைத்தேன், துடைக்க ஒன்றும் இல்லை. மறுநாள் தாரணியே அந்தப் புத்தகத்தை மகனின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சுகந்தி அம்மா சொன்னபடி செய்தார். தேர்வை நடத்தும் கம்பெனியே தன் பக்கத்தில் எதைப் படிக்க வேண்டும், எந்தப் பகுதிக்கு எவ்வளவு மதிப்பெண் என்று விளக்கமாகப் போட்டிருக்கிறதாம். பாடங்களும் இலவசம், மாதிரிக் கேள்விகளும் இலவசம். முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதானாம். நாங்கள் மற்ற எல்லா இடத்திலும் தேடியிருக்கிறோம். ஆங்கிலம் புரியாத இடத்துக்குத் தமிழில் விளக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பொறுக்கி அனுப்பினார். படித்தால் மட்டும் போதாது, கையால் செய்து பார்க்க வேண்டும் என்று பழகிப் பார்க்க ஒரு கணக்குத் திறக்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்.

ஒரு நாள் லெட்சுமி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அது என்னதான்மா, க்ளவுடு க்ளவுடுங்கற?"

"சொந்தமா கம்ப்யூட்டர் வாங்காம, பெரிய பெரிய கட்டடத்துல வச்சிருக்காங்க இல்ல, அத வாடகைக்கு எடுக்கறது அத்தை."

"கல்யாணத்துக்கு நாற்காலி, கூடாரம் எடுக்கற மாதிரியா?"

"அதேதான். கூட்டம் கூடிப்போச்சுன்னா இன்னும் நாற்காலி கேட்டுக்கலாம்."

"முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடு. இல்லன்னா வாடகை ஏறிடும்."

தாரணி சிரித்தாள். "சுகந்தி அக்காவும் தினமும் இதத்தான் சொல்றாங்க அத்தை, வேலை முடிஞ்சா மூடிடு, இல்லன்னா பில் வரும்னு." எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது. உடனே மூன்று பேரும் மகன் படத்தைப் பார்த்தோம். சிரித்தது தப்போ என்பது போல.

நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்து வரும் வழியில் அந்தப் புளியமரத்தடியில் நின்றுவிட்டு வந்தேன். அதிகம் எதுவும் கேட்கவில்லை. நிற்பேன், அவ்வளவுதான். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தோடு நிற்பவனையும் அம்மன் துரத்தவில்லை.

மார்கழியில் தாரணி மறுபடி தேர்வுக்குப் போனாள். இந்த முறை தனியாக. "நீங்க வராதீங்க மாமா. உங்க மொகத்தப் பாத்தா எனக்குப் பயம் வந்துடும்" என்று சொல்லிவிட்டாள். வெளியே நல்ல மழை. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். யாழினி தரையில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். லெட்சுமி விளக்கேற்றிவிட்டு அப்படியே சாமி அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள்.

அப்போது சரவணனின் கைப்பேசி அடித்தது.

அவன் போன பிறகு அது அடித்ததே இல்லை. அவன் எப்போதோ வைத்த பாட்டு. பிள்ளை எழுந்து "அப்பா" என்றது. நான் வாசலிலிருந்து எழுந்தேன். லெட்சுமிதான் படத்துக்குக் கீழேயிருந்து அதை எடுத்தாள். திரையில் தாரணியின் பெயர். தேர்வு முடிந்து வெளியே வந்தவள் பழக்கத்தில் முதலில் அவனைக் கூப்பிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு சொன்னாள், தெரிந்துதான் கூப்பிட்டாளாம். அடித்து அடித்து நின்றுபோகும், ஆனாலும் அவருக்குத்தானே முதலில் சொல்ல வேண்டும் என்று. யாராவது எடுப்பார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை.

லெட்சுமி காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அழுகை மட்டும்தான்.

"சொல்லும்மா" என்றாள் லெட்சுமி. "கேக்குது. சொல்லு."

"பாஸ் அத்தை."

லெட்சுமி கைப்பேசியை மகனின் படத்துக்கு முன்னால் நீட்டினாள். "இன்னொரு தடவ சொல்லு. அவனுக்குக் கேக்கட்டும்."

அன்றைக்கு நாங்கள் சிரித்தோமா அழுதோமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். லெட்சுமி ஏன் அந்தக் கைப்பேசியைத் தினமும் சார்ஜ் போட்டாள் என்று அதற்குப் பிறகு நான் யோசிப்பதில்லை.

தாரணி இப்போது கூலிமில் அதே கம்பெனியில் வேலை செய்கிறாள். மோட்டாரில் போக நாங்கள் விடவில்லை, கம்பெனி வேனில் போகிறாள். சாயங்காலம் வேன் சத்தம் கேட்டதும் யாழினி வாசலுக்கு ஓடுகிறாள். அம்மா இறங்குகிறாள். அதன் பிறகும் பிள்ளை கொஞ்ச நேரம் வேனையே பார்த்துக்கொண்டு நிற்கிறது, இன்னும் யாரோ இறங்க வேண்டும் என்பது போல. அந்த வலி போகவில்லை. போகும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

பங்குனியில் வருஷத் திதி கொடுத்தோம். பிறகு கோயிலுக்குள் போனேன். அம்மன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். நன்றி சொல்ல வந்தவன், கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நின்றுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நிறைய யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் கேதம் இல்லாமல் இருந்திருந்தால் நான் உள்ளே கூட்டத்தில் நின்றிருப்பேன். சுகந்தி அம்மாவும் உள்ளேதான் நின்றிருப்பார். ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டோம். எங்களை உள்ளே வரவிடாத அந்தத் துக்கம்தான் எங்களை அந்த மரத்தடியில் சேர்த்தது. அம்மன் மகனை ஏன் எடுத்தாள் என்பதற்கு இது பதில் இல்லை. அதற்குப் பதில் எனக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் நான் உள்ளே போக முடியாத நாளில் அவள் வெளியே வந்தாள். இது மட்டும் சத்தியம்.

இந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு தாரணி யாழினியின் பாலர் பள்ளிப் புத்தகத்தை அம்மன் காலடியில் வைத்தாள். நான் தீபாராதனையை முழுக்கப் பார்க்கவில்லை. பாதியில் ஒரு தட்டில் சுண்டலும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே வந்தேன். புளியமரத்தடியில் செருப்போடு ஒரு தம்பி நின்றிருந்தார். யாருக்குக் கேதம் என்று நான் கேட்கவில்லை. தட்டை நீட்டினேன். தீட்டு வீட்டுக்காரன் என்று தயங்கினார். "எடுங்க தம்பி, நானும் இங்க நின்னவன்தான்" என்றேன்.

என் உறவுகளே, உங்களில் யாராவது இப்போது படி ஏற முடியாத நிலையில் இருக்கலாம். கேட்டது கிடைக்காமல் அம்மன் மேல் கோபமாகவும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். வேலி வரைக்கும் வந்து நில்லுங்கள். உங்கள் வாயில் என்ன வருகிறதோ அதைச் சொல்லுங்கள், கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நான் அங்கே இருப்பேன். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கிறது.